கடைக்காசில் எழுந்த கல்விக்கூடம்

 

இது மாலை நேரம். சிலர் கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கிறீர்கள். சிலர் மூட்டை இறக்கிவிட்டு வந்திருக்கிறீர்கள். கிடங்கில் சுக்குப் புடைத்துவிட்டு வந்த அக்காமார்கள் இருக்கிறார்கள். வெளி மைதானத்துப் பக்கம் சலவைக் கூடத்தில் வேலை முடித்து வந்த அண்ணன்மார்களும் இருக்கிறார்கள். களைப்போடு வந்திருக்கும் உங்களை நான் அதிக நேரம் உட்கார வைக்க மாட்டேன்.

சென்ற வாரம் இங்கே ஒரு பேச்சு வந்தது. பெட்டிக்கடை வைத்திருக்கும் ஓர் அக்கா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "காலேஜும் யூனிவர்சிட்டியும் பெரிய பணக்காரர்கள் கட்டுவது. இல்லாவிட்டால் சர்க்கார் கட்டுவது. எங்களைப் போன்ற சின்னக் கடைக்காரர்களுக்கு அதில் என்ன வேலை?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். பதிலை நான் சொல்லப் போவதில்லை. சில ஊர்களின் கதைகள் சொல்லும். எல்லாம் உண்மையில் நடந்தவை.

நம் தெருவைப் பார்ப்போம்

முதலில் நம் மட்டாஞ்சேரியைப் பார்ப்போம். பஜார் ரோட்டில் நடந்து போனால் என்ன வாசனை வரும்? மிளகு, ஏலம், சுக்கு, மஞ்சள். பல நூறு ஆண்டுகளாக இது வியாபாரிகளின் ஊர். குஜராத்திகள் வந்தார்கள். கொங்கணி பேசுகிறவர்கள் வந்தார்கள். கச்சி மேமன்கள் வந்தார்கள். யூதர்கள் வந்தார்கள். தமிழர்களும் வந்தார்கள்.

வந்தவர்கள் கடை வைத்தார்கள். கும்பிடக் கோயிலும் பள்ளிவாசலும் கட்டினார்கள். அதோடு நிற்கவில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் கட்டினார்கள். குஜராத்தி வியாபாரிகளின் மகாஜன சங்கம் இங்கே பள்ளி நடத்துகிறது. திருமலை தேவஸ்வத்தின் டி.டி. பள்ளியை உங்களில் பலருக்குத் தெரியும். ஆக, கடைக்கும் கல்விக்கும் உள்ள உறவு நமக்குப் புதிது அல்ல.

பள்ளி சரி, கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சின்னக் கடைக்காரர் உதவ முடியுமா? இதுதான் அந்த அக்காவின் கேள்வி. இதற்குப் பதில் தேடி விருதுநகர் வரை போய் வருவோம்.

விருதுநகரின் மகமை

நம் ஊர்க் கடைகளுக்கு வத்தலும் பருப்பும் எண்ணெயும் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வருகின்றன. அந்த ஊரின் பழைய பெயர் விருதுபட்டி. வானம் பார்த்த பூமி. அங்கே நாடார் சமூக மக்கள் வியாபாரம் செய்தார்கள். அந்தக் காலத்தில் அவர்களைப் பலர் தாழ்வாக நடத்தினார்கள். பல கோயில்களுக்குள் அவர்கள் போக முடியாது. 1897-ஆம் ஆண்டில் கமுதி என்ற ஊரில் அவர்கள் கோயிலுக்குள் போனார்கள். அதற்காக அவர்கள் மேல் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1908-ஆம் ஆண்டில் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது.

இப்படிப் பல வாசல்கள் மூடிக் கிடந்த காலம் அது. ஆனால் ஒரு வாசலை அவர்களே திறந்தார்கள். அது பள்ளிக்கூட வாசல்.

பணம் எங்கிருந்து வந்தது? எல்லோரும் பணக்காரர்களா? இல்லை. பலர் மாட்டு வண்டியில் சரக்கு ஏற்றி ஊர் ஊராகப் போனவர்கள். வழியில் திருடர் பயம் உண்டு. அதனால் வழியிலுள்ள ஊர்களில் பேட்டைகள் கட்டினார்கள். பேட்டை என்றால் சுற்றிலும் சுவர் எழுப்பிய இடம். இரவில் வண்டியும் மாடும் சரக்கும் அதற்குள் பத்திரமாக இருக்கும். அங்கே தங்குகிறவர்கள் ஒரு சிறு தொகை கொடுப்பார்கள். வியாபாரத்தில் வரும் காசிலும் ஒரு சிறு பங்கை ஊர்ப் பொதுவுக்கு ஒதுக்குவார்கள். இதற்கு மகமை என்று பெயர்.

மகமை என்பது வரி மாதிரி. ஆனால் சர்க்கார் போட்ட வரி இல்லை. அவர்களே தங்களுக்குப் போட்டுக்கொண்ட வரி. பெரிய வியாபாரம் செய்தவர் அதிகம் கொடுத்தார். சின்ன வியாபாரம் செய்தவர் குறைவாகக் கொடுத்தார். ஆனால் எல்லோரும் கொடுத்தார்கள்.

இந்தப் பணத்தை யார் வைத்திருந்தார்கள்? உறவின்முறை என்ற ஊர்ச் சபை வைத்திருந்தது. பொறுப்பை ஒரே ஆள் கையில் எப்போதும் விடவில்லை. முறை வைத்து மாற்றிக்கொண்டார்கள். கணக்கு எழுதினார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

ஒரு பிடி அரிசி

1880-களில் விருதுபட்டியில் க்ஷத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளி எழுந்தது. அதை நடத்த மகமைப் பணம் உதவியது. இன்னொரு வழியும் இருந்தது. அதைக் கேட்டால் நம் தாய்மார்களுக்குப் பெருமையாக இருக்கும். அதன் பெயர் பிடியரிசி.

வீட்டில் சோறு வடிக்க அம்மா அரிசி அளக்கிறாள். உலையில் போடுவதற்கு முன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுகிறாள். தினமும் ஒரு பிடி. பிறகு ஆள் வந்து வீடு வீடாக அந்த அரிசியை வாங்கிப் போவார். அது பள்ளிக்கூடச் செலவுக்குப் போகும். அதனால் பிள்ளைகள் சம்பளம் கட்டாமல் படிக்க முடிந்தது.

ஒரு பிடி அரிசி குறைந்தால் வீட்டில் யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள். ஆனால் ஊர் முழுவதும் ஒரு பிடி எடுத்து வைத்தால் வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்கலாம்.

அந்தப் பள்ளியில் ஒரு பையன் படித்தான். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவன். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமாவின் ஜவுளிக்கடையில் வேலைக்குப் போனான். துணி மடித்தான், விற்றான். கடைப்பையன்தான். அவன் யார் தெரியுமா? அவர்தான் 1903-ஆம் ஆண்டு பிறந்த காமராசர்.

அவர் 1954 முதல் 1963 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். ஊருக்கு ஊர் பள்ளி திறக்கச் செய்தார். பசித்த பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்பதை உணர்ந்து, மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டு வந்தார். பிடியரிசியில் நடந்த பள்ளியில் படித்தவர், பின்னாளில் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சோறு போட்டார். அரிசி கொடுத்த அந்த அம்மாக்கள் இதை நினைத்துப் பார்த்திருப்பார்களா? கொடுத்த விதை எங்கே முளைக்கும் என்று கொடுக்கிறவருக்குத் தெரியாது.

பள்ளியோடு அந்த ஊர் நிற்கவில்லை. நாடு விடுதலை அடைந்த 1947-ஆம் ஆண்டிலேயே செந்திக்குமார நாடார் கல்லூரி தொடங்கியது. 1962-இல் பெண்களுக்கென்று வி.வி.வன்னியப்பெருமாள் கல்லூரி வந்தது. இன்று அங்கே எல்லாச் சமூகப் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

ஒன்றைப் பாருங்கள். முதலில் பேட்டை. அடுத்து பள்ளி. அதற்கடுத்து கல்லூரி. கடைசியில் பெண்கள் கல்லூரி. ஒரே நாளில் வரவில்லை. இரண்டு மூன்று தலைமுறை ஆயிற்று. நடுவில் கொடுப்பது நிற்கவில்லை.

பெரிய கொடையும் சிறிய கொடையும்

பெரிய செல்வர்கள் கொடுத்ததை நான் குறைவாகச் சொல்லவில்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் பெயர் நம் பக்கத்திலும் உண்டு. திருச்சூர் மாவட்டத்தில் அழகப்பநகர் என்ற ஊர் இருக்கிறது அல்லவா? அங்கே அவர் துணி ஆலை வைத்திருந்தார். அதனால்தான் அந்தப் பெயர்.

அவர் காரைக்குடியில் 1947-ஆம் ஆண்டு கல்லூரி தொடங்கினார். தொடர்ந்து பல கல்விக்கூடங்களை உண்டாக்கினார். நிலம் கொடுத்தார், பணம் கொடுத்தார், குடியிருந்த வீட்டையும் கொடுத்தார். 1957-இல் அவர் காலமானார். 1985-இல் அவர் பெயரிலேயே காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் உண்டாயிற்று. கேரளத்துக்கும் அவர் செய்த உதவி ஒன்று உண்டு. அன்றைய திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிப்பிக்க ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார். அதுதான் இன்றைய கேரளப் பல்கலைக்கழகம்.

அழகப்பர் மாதிரி ஆட்கள் அடிக்கடி பிறப்பதில்லை. அவர்களுக்காகக் காத்திருந்தால் நம் பிள்ளைகள் கிழவர்கள் ஆகிவிடுவார்கள். அதனால்தான் சிறு கொடையைப் பற்றிப் பேசுகிறேன்.

ஆளுக்கு ஒரு டாலர்

பல்கலைக்கழகத்துக்கே சிறு கொடை கொடுத்தவர்களும் உண்டு. அதற்குக் கடல் தாண்டிப் போக வேண்டும். சிங்கப்பூருக்குப் போவோம்.

சிங்கப்பூரிலும் மலேயாவிலும் நம் தமிழ் மக்கள் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டினார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள். ரோடு போட்டார்கள். சிலர் மளிகைக் கடை, புடவைக் கடை, சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார்கள். 1949-இல் அங்கே மலாயாப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதில் இந்தியப் பாடங்களுக்கு ஒரு துறை வைக்கப் போவதாகச் செய்தி வந்தது. அந்தத் துறையில் எந்த மொழி இருக்க வேண்டும்? சமஸ்கிருதம் இருக்கட்டும் என்று யோசனை எழுந்தது.

கோ. சாரங்கபாணி என்று ஒருவர் அங்கே இருந்தார். தமிழ் முரசு என்ற பத்திரிகையை நடத்தியவர். இங்கே வாழும் இந்தியர்களில் அதிகம் பேர் தமிழர்கள், ஆகவே தமிழ்தான் இருக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். வாதத்தோடு நிற்கவில்லை. "தமிழ் எங்கள் உயிர்" என்ற பெயரில் நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு டாலர் கொடுங்கள் என்று கேட்டார்.

தோட்டத் தொழிலாளி கொடுத்தார். கூலி வேலை செய்தவர் கொடுத்தார். கடைக்காரர் கொடுத்தார். அவர்களில் பலர் பல்கலைக்கழகத்தின் வாசலைக் கூடப் பார்த்ததில்லை. அதில் படிக்கப் போவதும் இல்லை. இருந்தும் கொடுத்தார்கள். 1956-ஆம் ஆண்டு இந்திய இயல் துறை தொடங்கியது. தமிழே அதன் முக்கிய மொழி ஆயிற்று. மக்கள் கொடுத்த பணம் பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ்ப் புத்தகம் வாங்க உதவியது. பின்னர் அந்தத் துறை கோலாலம்பூருக்கு மாறியது. இன்றும் அங்கே இருக்கிறது.

ஒரு டாலர் சிறு தொகைதான். ஆனால் ஆயிரம் பேர் ஆளுக்கு ஒரு டாலர் கொடுத்தால் அது வெறும் பணம் அல்ல. "இது எங்களுக்கு வேண்டும்" என்று ஆயிரம் பேர் கையெழுத்துப் போட்ட மாதிரி. அதைத் தட்டிவிட முடியாது.

ஒரு நாள் சம்பாத்தியம்

அதே காலத்தில் அதே சிங்கப்பூரில் சீனர்கள் ஒரு காரியம் செய்தார்கள். அவர்கள் பிள்ளைகள் சீன மொழிப் பள்ளியில் படித்தார்கள். மேலே படிக்கச் சீன மொழியில் பல்கலைக்கழகம் இல்லை. டான் லார்க் சை என்ற ரப்பர் வியாபாரி 1953-இல் நாமே ஒன்று கட்டுவோம் என்றார். தன் பங்காக 50 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார். ஹொக்கியன் மக்களின் சங்கம் ஜூரோங் பக்கத்தில் 500 ஏக்கருக்கு மேல் நிலம் கொடுத்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதை அல்ல. மூன்று சக்கர சைக்கிள் ரிக்‌ஷா மிதிக்கிறவர்கள் முன்வந்தார்கள். ஒரு நாள் முழுவதும் வண்டி மிதித்துக் கிடைத்த காசை அப்படியே பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். டாக்சி ஓட்டுகிறவர்கள் கொடுத்தார்கள். தெருவில் வண்டி வைத்து விற்கிறவர்களும் கொடுத்தார்கள். 1956-இல் வகுப்புகள் தொடங்கின. அதுதான் நன்யாங் பல்கலைக்கழகம்.

1980-இல் அதை வேறொரு பல்கலைக்கழகத்தோடு சேர்த்துவிட்டார்கள். இப்போது நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கும் இடம் அந்தப் பழைய வளாகம்தான். பெயர் மாறலாம், ஆள் மாறலாம். ரிக்‌ஷாக்காரர் காசில் எழுந்த இடத்தில் இன்றும் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

நன்கொடை என்ற சொல்

இப்போது நீங்கள் ஒன்று கேட்பீர்கள். "நன்கொடை என்றாலே எங்களுக்குப் பயம். சீட்டுக் கேட்டுப் போனால் நன்கொடை கொடு என்கிறார்கள். அது இல்லாமல் எங்கள் பிள்ளைக்கு இடம் கிடைப்பதில்லை."

உண்மைதான். ஒரு நல்ல சொல் கெட்டுப் போய்விட்டது. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

ஊரார் பிள்ளை படிக்கட்டும் என்று நாமாகக் கொடுப்பது நன்கொடை. நம் பிள்ளைக்கு இடம் வேண்டுமானால் கொடு என்று கேட்டு வாங்குவது நன்கொடை அல்ல. அது விலை. நன்கொடை வாசலைத் திறக்கும். விலை வாசலை அடைக்கும். தமிழ்நாட்டில் இப்படிக் கட்டாயமாகப் பணம் வாங்குவதைத் தடுக்க 1992-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. யாராவது கேட்டால் ரசீது கேளுங்கள். எதற்காக என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் அதிலேயே விஷயம் புரிந்துவிடும்.

இங்கேதான் நீங்கள் கற்ற எழுத்து உதவுகிறது. விருதுநகரில் கணக்கு எழுதினார்கள் என்று சொன்னேன் அல்லவா? மனது நல்ல மனது என்பதால் மட்டும் மகமை பல காலம் நடக்கவில்லை. கணக்கு இருந்ததால் நடந்தது. எவ்வளவு வந்தது, எவ்வளவு போயிற்று, யார் பொறுப்பு என்று தெரிந்தது. கணக்கு இல்லாத உண்டியல் நாளடைவில் காலியாகும். கொடுத்தவர் மனதும் கசந்துபோகும்.

கொடுக்கத் தெரிந்தால் போதாது. கணக்குக் கேட்கவும் தெரிய வேண்டும். அதற்கு ரசீதைப் படிக்கத் தெரிய வேண்டும். உங்களுக்கு இப்போது தெரியும்.

நாம் ஏற்கெனவே கொடுக்கிறோம்

அந்த அக்காவுக்கு இன்னொரு பதிலும் உண்டு. அக்கா, நீங்கள் ஏற்கெனவே கொடுக்கிறீர்கள்!

ஒரு சோப்பு வாங்குகிறீர்கள். ஒரு தீப்பெட்டி வாங்குகிறீர்கள். அதன் விலையில் வரி இருக்கிறது. அந்த வரி அரசாங்கத்துக்குப் போகிறது. அதிலிருந்துதான் அரசுப் பள்ளியும் அரசுக் கல்லூரியும் நடக்கின்றன. எறணாகுளத்தில் மகாராஜாஸ் கல்லூரி இருக்கிறது. களமசேரியில் 1971-இல் தொடங்கிய கொச்சிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அவற்றின் செலவில் உங்கள் தீப்பெட்டிக் காசும் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது.

ஆகவே அந்த வாசலில் நின்று பயப்பட வேண்டாம். "என் மகளுக்கு எந்தப் படிப்பு ஏற்றது? என்ன உதவித்தொகை உண்டு? கடைசித் தேதி எது?" என்று தலை நிமிர்ந்து கேளுங்கள். அது உங்கள் உரிமை.

நம் ஊரில் என்ன செய்யலாம்?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பலகையைப் பாருங்கள்.

ஒரு கடை ஒரு நாளைக்கு 10 ரூபாய் ஒதுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சிறு தொகைதான்.

ஒரு வருடத்துக்கு: 10 × 365 = 3,650 ரூபாய்.

100 கடைகள் சேர்ந்தால்: 3,650 × 100 = 3,65,000 ரூபாய்.

மூன்று லட்சத்து அறுபத்தைந்தாயிரம்! ஒரு கடைக்காரரிடம் போய் மூன்று லட்சம் கொடு என்றால் அவர் கடையைச் சாத்திவிட்டு ஓடிவிடுவார். ஒரு நாளைக்குப் பத்து ரூபாய் என்றால் யோசிப்பார். இதுதான் மகமையின் ரகசியம். பிடியரிசியின் ரகசியமும் இதுதான்.

இந்தப் பணத்தில் பல்கலைக்கழகம் கட்ட முடியாது. ஆனால் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிள்ளை பாதியில் நிற்காமல் பார்த்துக்கொள்ளலாம். பஸ் காசுக்கும் பரீட்சைக் கட்டணத்துக்கும் வழி இல்லாமல் எத்தனை பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள்! புத்தகம் வாங்கலாம். விடுதிச் செலவுக்கு உதவலாம். பெண் பிள்ளைகளுக்கு முதல் இடம் கொடுக்கலாம்.

ஒன்றில் மட்டும் நாம் விருதுநகரை அப்படியே பின்பற்ற வேண்டாம். அங்கே ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. அன்று அவர்களுக்கு வேறு வழி இல்லை. பிற்பாடு வாசல் எல்லோருக்கும் திறந்தது. நம் ஊர் அப்படி இல்லை. ஒரே தெருவில் பல மொழி, பல மதம், பல சாதி. இங்கே ஒரு நிதி தொடங்கினால் முதல் நாளே எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். தமிழ்ப் பிள்ளை, மலையாளப் பிள்ளை என்று பார்க்கக் கூடாது. கல்விக்குக் கஷ்டப்படும் பிள்ளை எதுவோ, அதுவே நம் பிள்ளை.

தொடங்குவதாக இருந்தால் சில விஷயங்களை முதலிலேயே எழுதி வையுங்கள். யார் பொறுப்பு? எத்தனை நாளுக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும்? பணம் எந்த வங்கியில் இருக்கும்? யாருடைய கையெழுத்து வேண்டும்? எந்தப் பிள்ளைக்கு உதவி என்று யார் முடிவு செய்வார்கள்? மாதம் ஒருமுறை கணக்கை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். எல்லோரும் படிக்கட்டும்.

ஒரு காலத்தில் அப்படி ஒட்டினாலும் பலரால் படிக்க முடியாது. இன்று அந்த நிலை இல்லை. 1990-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் தேதி நம் எறணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவிலேயே முதல் மாவட்டம். அதற்காக ஆயிரக்கணக்கான தொண்டர்கள் சம்பளம் வாங்காமல் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்கள் கொடுத்ததும் ஒரு மகமைதான். காசுக்குப் பதிலாக நேரத்தைக் கொடுத்தார்கள். இந்த வகுப்பும் அந்த வழியில் வந்ததுதான்.

முடிவாக

பேட்டையில் தங்கிய வண்டிக்காரர், பிடியரிசி எடுத்து வைத்த அம்மா, ஒரு டாலர் கொடுத்த கூலித் தொழிலாளி, ஒரு நாள் காசைக் கொடுத்த ரிக்‌ஷாக்காரர். இவர்களில் பலருக்குப் படிப்பு இல்லை. பலருடைய பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆனால் இவர்கள் இல்லாமல் அந்தக் கல்விக்கூடங்கள் இல்லை.

அக்கா, உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்ததா? சின்னக் கடைக்காரருக்குக் காலேஜில் என்ன வேலை என்று கேட்டீர்கள். கொடுக்கிற வேலை இருக்கிறது. கணக்குக் கேட்கிற வேலை இருக்கிறது. உங்கள் மகளைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிப் போகிற வேலையும் இருக்கிறது.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். நோட்டில் ஒரு பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளின் பெயரை எழுதுங்கள். அவர்களில் யாருக்கு மேலே படிக்க வழி இல்லை என்று விசாரியுங்கள். அடுத்த வாரம் அந்தப் பக்கத்தைக் கொண்டு வாருங்கள். சேர்ந்து படிப்போம், சேர்ந்து பேசுவோம்.

பெயர்களை நீங்களே எழுதி வாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை. ஒரு பெயரும் விட்டுப் போகக் கூடாது.